மேற்கு மூலையில் சரசம்மா

நிலமெடுப்புத் தாசில்தார் மேடம் குடையைச் சாய்த்துப் பிடித்து, என் மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

மனைவி என்று நான் சொல்வது ஒரு தென்னை மரத்தை. கேரளத்து எல்லையில், எங்கள் பக்கத்தில், ஆள் செத்தால் பொதுச் சுடுகாட்டைத் தேடிப் போகிற வழக்கம் குறைவு. வீட்டைச் சுற்றிய தோப்பிலேயே, எங்கள் பேச்சில் விளையிலேயே, தெற்கு ஓரமாக வைத்து எரிப்போம். சாம்பல் ஆறிய பிறகு அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளையை நடுவோம். ஆள் போன இடத்தில் மரம் வரும். சரசம்மா போன இடத்தில் வந்தது இந்த மரம். இப்போதுதான் நாலு குலை பிடித்து, ஓலை விரித்து, அவளைப் போலவே யாரையும் சட்டை செய்யாமல் நிற்கிறது.

மேடம் மரத்தைப் பார்த்தார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பிறகு கையெட்டும் தூரத்தில் இருந்த ரோட்டைப் பார்த்தார். ஒரு மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பிப் போனது.

"அப்பூப்பா, இது தெக்கு அல்லல்லோ. படிஞ்ஞாறல்லே?" என்றார் மலையாளத்தில்.

தாத்தா, இது தெற்கு இல்லையே, மேற்கு அல்லவா என்கிறார். அது எனக்குத் தெரியாதா?

"செத்தவரெ தெக்கோட்டல்லே எடுக்குந்நது? இது மாத்திரம் ரோடு வருந்ந பாகத்து எங்ஙனெ வந்நு?"

செத்தவர்களை எல்லாம் தெற்கே கொண்டுபோகிறீர்கள், இந்த ஒரு அம்மாள் மட்டும் சரியாக ரோடு வரப்போகிற பக்கத்தில் எப்படி வந்து படுத்தாள் என்று கேட்கிறார். பின்னால் நின்ற சர்வேயர் சிரித்தான். வேலிக்கு வெளியே நின்ற கூட்டமும் சிரித்தது. அதில் பாதிப் பேருக்கு நான் கிணற்றுக்கு உறை இறக்கிக் கொடுத்திருக்கிறேன். நன்றி கெட்ட கூட்டம்.

கேள்வி நியாயமானது. பதிலும் என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் செத்துப்போன என் தாயாரைப் பிடித்து நடுரோட்டில் நிறுத்த வேண்டும். என் தங்கை பகவதி எனக்குப் பின்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அம்மையைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் அவள் அடிக்க வருவாள்.

உறைக்காரன்

இந்தத் தொடரைப் போன வாரங்களில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வாத்தியார் என்னைத் தாண்டவிடவில்லை என்பதுதான் சரி. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வாத்தியார் வீட்டுக் கிணற்றுக்கும் நான்தான் சிமெண்ட் உறை போட்டேன்.

பாறசாலையில் இருந்து திருப்புறம் வரைக்கும் எந்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் என் உறை தெரியும். கக்கூஸ் குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கேயும் நான்தான். டாக்டர், வக்கீல், பஞ்சாயத்து மெம்பர், எவனாக இருந்தாலும் காலையில் எழுந்ததும் முதல் காரியத்தை என் தலைமேல்தான் செய்கிறான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இத்தனை பேரைத் தாங்குகிற ஆள் இந்தப் பக்கத்தில் வேறு யார்?

அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதுதான் கொல்லயில் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இந்த விளை. வீட்டுக்கு மேற்கே ரோடு வளைந்து போகிறது. அந்த வளைவை நிமிர்த்தப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. நல்ல காரியம்தான். அந்த வளைவில் என் உறை லாரியே இரண்டு தடவை சரிந்திருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை ஒரு நாள் கொண்டுவந்து நட்டார்கள். கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அகப்பட்டவள் சரசம்மா.

ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், ஆட்சேபம் தள்ளுபடி என்று பதில் வந்தது. என் ஆயுளில் என்னை ஏமாற்றியவர்கள் உண்டு, என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் நான் பேச வாயைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று அம்மை. அடுத்தது இந்த ஆபீஸ்.

இரண்டாம் பாரா

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். நம்ம தமிழ் ஆள்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"அண்ணாச்சி, கெட்டினவளுக்க மரம்னு சொன்னா கோர்ட்டு பாவம்னு சொல்லும். அதுக்குமேல ஒண்ணும் சொல்லாது. ஒங்கள விசாரிக்காம தள்ளுனாவல்லா, அதாக்கும் பாயிண்டு. அதப் புடிச்சா நிக்கும்."

"அப்ப சரசம்மாவ எங்க சொல்லுகது?"

"கடைசியில ஒரு பாராவில சேத்துக்கிடலாம்."

"எனக்க பெண்டாட்டி கடைசிப் பாராவிலயா? வக்கீலே, கேசே அவளாக்கும். முதல்ல போடும்."

"முதல் பாராவில நீங்க இருக்கணும். பேரு, அப்பனுக்க பேரு, வயசு. அது மொறையாக்கும்."

"அப்ப ரெண்டாவதுல போடும். வீட்டிலயும் அவ எனக்குப் பெறகே நிண்ணது கெடயாது, ஒரு மரியாதைக்குச் சொல்லியேன்."

வக்கீல் சிரித்துவிட்டு இரண்டாம் பாராவில் போட்டார்.

எறணாகுளம் ஹைக்கோர்ட்டுக்கு நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். ஏன் வரக்கூடாது? என் கேஸ், என் மனைவி. விடியும் முன்னே பாறசாலையில் ரயில் ஏறினேன். புது வேட்டி, புதுச் செருப்பு. கோர்ட்டு அறைக்குள் ஏசியில் எனக்கு முழங்கால் இறுகிப்போனது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் அண்டங்காக்கை மாதிரி பறந்து பறந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் கேஸ் முடிந்துவிட்டது.

"என்ன வக்கீலே, தோத்தோமா?"

"ஜெயிச்சோம் அண்ணாச்சி. ஒங்கள நேரில விசாரிக்கணும், எடத்த வந்து பாக்கணும், காரணம் எழுதி முடிவு சொல்லணும். அதுவர மரத்துல ஆரும் கைவைக்கப்பிடாது. இதாக்கும் உத்தரவு."

"ஜட்ஜி ரெண்டாம் பாராவ வாசிச்சாரா?"

"வாசிச்சிருப்பாரு."

வாசித்தார். நான் பார்த்தேன். தாளைப் புரட்டும்போது அந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. வக்கீல் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

செத்த மாமன்கள்

ஊருக்கு வந்ததும் நேரே ஜங்ஷன் டீக்கடைக்குப் போனேன். அரசாங்கத்தையே நிறுத்தி வைத்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவானா? உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னேன். பழம்பொரி ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் வீடு வைத்திருக்கிற குட்டப்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப அண்ணாச்சி, மரத்துக்கு அடியில ஆளு கெடந்தா ரோடு வராது, இல்லியா?"

"வராது. எங்க வரும்?" என்றேன். அப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் கேட்பவன் வாயைப் பிளந்து கேட்கும்போது குறைத்துச் சொல்ல எனக்கு வராது.

அடுத்த வாரத்துக்குள் அந்த ரோட்டில் மஞ்சள் கல்லுக்குள் அகப்பட்ட மரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் ஆள் செத்துக் கிடந்தார். தென்னைக்கு அடியில் தாத்தா. பலாவுக்கு அடியில் சித்தி. ஒரு வீட்டில் பப்பாளிக்கு அடியில் பெரியப்பா. எல்லா வீட்டில் இருந்தும் ஆட்சேபம் போனது.

குட்டப்பன் தன் மாமரத்துக்கு அடியில் மாமனை எழுதிக் கொடுத்திருந்தான். அந்த மாமன் திருப்புறத்தில் உயிரோடு இருந்தார். செய்தி கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்து, வாசலில் நின்று கத்தினார்.

"எலே குட்டப்பா, என்ன எப்பம்லே எரிச்சே? எனக்கொரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"கோவப்படாதீங்க மாமா. ஆபீசுக்குக் குடுத்த கடலாசிலதானே."

"கடலாசில எரிச்சா சுடாதா?"

இந்த மாதிரி ஊருக்குத்தான் தாசில்தார் மேடம் வந்தார். வரும் வழியில் எத்தனை பொய்ப் பிணங்களைப் பார்த்துவிட்டு வந்தாரோ, முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பு இல்லை. நான் உண்மையைச் சொல்கிறேன் என்று சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தார்கள்தான். அத்தனை பேரும் செத்த மாமன்களின் மருமகன்கள். சரசம்மா செத்ததற்கு சர்டிபிகேட் உண்டு. எந்த மூலையில் எரித்தோம் என்பதற்கு எந்த ஆபீஸில் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள்?

போதாதற்கு, எல்லாப் பொய்யனும் தன் விளையில் அந்த மரம் நிற்கிற மூலையைத் தெற்கு என்றே சாதித்திருந்தான். உண்மைக்காரனான நான் மட்டும் மேற்கே காட்டினேன்.

கோழியிடம் சொன்ன பேச்சு

இப்போது மேற்கின் கதை.

என் அம்மைக்கும் சரசம்மாவுக்கும் ஆகாது. ஆகாது என்றால், சரசம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை அம்மை நிமிர்த்தித் திரும்பவும் கழுவுவாள். அம்மை கழுவியதை சரசம்மா வெயிலில் கொண்டுவைப்பாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் ஒரு சாம்பல் கோழி நின்றது. அதைப் பார்த்துத்தான் பேச்சு.

"எட்டீ கோழி, மீன்கறியில உப்பு கூடிப்போச்சுண்ணு சொல்லு."

"கோழி, வேண்டாம்னா எடுத்துவச்சிரச் சொல்லு. பூனைக்காவது ஆவும்."

கோழியும் பாவம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். நான் கூலிக்காரர்களோடு உறை வார்க்கப் போய்விடுவேன். சிமெண்ட் பேசாது.

அம்மை போனாள். வழக்கப்படி தெற்கே எரித்துத் தென்னை வைத்தோம். நன்றாக வளர்ந்தது. சரசம்மா அந்த மரத்துத் தேங்காயில் ஒன்றைக்கூடக் கறிக்கு அரைத்ததில்லை. ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பக்கத்தில் ஒரு நெற்று விழுந்தது. சரசம்மா இடுப்பில் கைவைத்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"செத்த பெறவும் எறிஞ்சு கொல்லவா பாக்கே கெழவி?"

பிறகு சரசம்மாவுக்குத் தீராத நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கையைப் பிடித்தாள். நான் ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"என்னத் தெக்க கொண்டு போடப்பிடாது, கேட்டேளா. அவளுக்க பக்கத்துல நான் கெடக்க மாட்டேன்."

"பின்ன எங்க போடியது?"

"மேக்க போடும். ரோட்டப் பாத்து. பஸ்ஸு போறதயாவது பாத்துட்டுக் கெடக்கேன்."

போட்டேன். சொந்தக்காரர்கள் ஆடினார்கள், மேற்கே எரித்தால் வீடு விளங்காது என்றார்கள். அப்போது பகவதி குறுக்கே வந்தாள். தெற்கே மழைத் தண்ணீர் கட்டிக்கிடக்கிறது, தீ பிடிக்காது, அதனால்தான் மேற்கு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அது அண்ணிக்காகச் சொன்னது இல்லை. மாமியார் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று மருமகள் சொன்னாள் என்று வெளியே தெரிந்தால், எங்கள் அம்மைக்கு அல்லவா பேர் கெடும்? எங்கள் அம்மை தங்கம், அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் அவள்.

தங்கம் உருகியது

ஆகவே மேடம் கேட்டதும் நானும் அந்தத் தண்ணீர்க் கதையையே சொன்னேன். தங்கை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"தெக்க தண்ணி கெட்டிக் கெடந்துது மேடமே. அதாக்கும்."

மேடம் சர்வேயரைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே மட்டம் பார்த்து வைத்திருந்தான். தெற்கேதான் மேடு, மேற்கேதான் பள்ளம். தண்ணீர் கட்டினால் மேற்கே கட்ட வேண்டும், தெற்கே எப்படிக் கட்டும் என்றான்.

கூட்டத்தில் குட்டப்பன், "அண்ணாச்சிக்க மரமும் நம்ம மாமன் மாதிரிதாண்டே!" என்றான். வேலியே குலுங்கியது.

மேடம் பேனாவை மூடினார். "சரி அப்பூப்பா" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். அந்தச் 'சரி'யில் மரம் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"மேடமே, ஒரு நிமிசம் நில்லுங்க."

பகவதி. முந்தானையை உருவி மறுபடி செருகினாள்.

"தண்ணி ஒண்ணும் கெட்டல்ல. அது நான் சொன்ன பொய்யாக்கும். அண்ணிக்கு எங்கம்மை பக்கத்துல கெடக்க இஷ்டமில்ல. எங்கம்மை அவள அம்மாதிரி படுத்துனா."

"எட்டீ பகவதி" என்றேன்.

"நீ சும்மா இரி. ஒனக்கு என்ன தெரியும்? நீ காலத்தே உறை வாக்கப் போனா இருட்டினாத்தானே வருவே?" என்று என்னை அடக்கிவிட்டு மேடம் பக்கம் திரும்பினாள். "அண்ணிக்க அம்மை செத்துப்போனாண்ணு ஆளு வந்து சொல்லுது. அம்மிக்கு முன்னால இருந்து அண்ணி எந்திரிக்கா. எங்கம்மை சொன்னா, கோழி, அரைக்கியத முழுசும் அரைச்சு வச்சிட்டுப் போகச் சொல்லுண்ணு. அண்ணி உக்காந்து அரைச்சா. கண்ணீரு அம்மியில விழுது, அதையும் சேத்து அரைச்சா. போயிச் சேரும்ப தீ பாதி எரிஞ்சாச்சு. மொகம் காணல்ல. நான் பாத்தேன் மேடமே. எனக்க ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

எனக்கு அது தெரியாது. அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், அன்றைக்குத்தான் வேலிப்பக்கம் நின்று கேட்டேன்.

வேலிக்கு வெளியே பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் சிரிக்கப் பார்த்து, பெண்டாட்டிமார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

மேடம் திரும்பி வந்தார். குடையை மடக்கி வேலியில் மாட்டினார்.

"அம்மாயியம்மெயுடெ அடுத்து கிடக்கில்லாந்நு அவர் பறஞ்ஞோ?" மாமியார் பக்கத்தில் கிடக்க மாட்டேன் என்று அந்த அம்மாளே சொன்னாரா என்று கேட்டார்.

"சொன்னா. செத்தாலும் மாட்டேன்னா" என்றேன்.

மேடம் மரத்தை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சர்வேயரிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. ரோட்டைத் தடுக்கப் பொய் சொல்கிறவன் மாமனைக் கொல்லுவான், பெற்ற தாயை இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்றார். பேனாவைத் திறந்தார்.

ஜீப் போன பிறகு பகவதி கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"மக்கா..."

"பேசாத. ஒனக்குவேண்டிச் சொல்லல்ல" என்றாள்.

கல்

முடிவு எழுத்தாக வந்தது. அந்த ரோட்டில் அத்தனை ஆட்சேபமும் தள்ளுபடி. பப்பாளிப் பெரியப்பா, மாமரத்து மாமன், எல்லாரும் காலி. ஒன்றே ஒன்று நின்றது. அந்த இடத்தில் ரோட்டோரமாக வெட்டப்போகிற தண்ணீர் ஓடையைக் கொஞ்சம் வளைத்து மரத்தை விட்டுவிட வேண்டும் என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். சரசம்மாவுக்காக அரசாங்க ஓடை வளைகிறது. நான் வளைந்ததைவிட அது ஒன்றும் பெரிய வளைவு இல்லை.

டீக்கடையில் அன்றைக்கு என் செலவில் எல்லாருக்கும் பழம்பொரி. திருப்புறத்து மாமனும் வந்து இரண்டு தின்றார்.

மறுநாள் புதுக் கல் நட வந்தார்கள். மரத்தை ஒட்டிக் கல்லை இறக்கினார்கள். ஒரு முழம்கூடத் தள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்துக்கு வடபக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் கிடந்தது. அங்கே நான் வாழைகூட வைத்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. அது எனக்கு. அது முழுக்க ஓடைக்குள் போய்விட்டது.

வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"வக்கீலே, இன்னொரு கேசு போடணும். எனக்க எடம் போச்சு."

"எந்த எடம்?"

சொன்னேன். அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, செத்தவியளுக்குவேண்டி வாதாடலாம். இனிமே சாவப்போறவருக்குவேண்டி எப்படி வாதாடியது? நீங்க நல்லா இரியும்."

சாயங்காலம் பகவதி வந்தாள். மேடம் வந்துபோன நாளுக்குப் பிறகு அன்றுதான் வந்தாள். கல்லைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். நான் ஒரு முடிவோடு இருந்தேன்.

"பகவதி, எனக்க காலம் முடிஞ்சா சொந்தக்காரப் பயலுவகிட்டச் சொல்லிரு. என்னையும் இஞ்சயே போடட்டு. மரத்துக்க மூட்டுல, அடிய ஒட்டி. எடம் இல்லாட்டாலும் நெருக்கி வச்சுக்கிடலாம்."

அவள் என்னை ஒரு கிறுக்கனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மூட்டுல வச்சு ஒன்ன எரிச்சா மரம் கருகிப் போவாதா அண்ணா? அதுக்கா நீ எறணாகுளம் வர போயி கேசு நடத்துன?"

ஹைக்கோர்ட்டில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனேன். அம்மை மரத்தைச் சுற்றி முட்டளவு புல். வெட்டத் தொடங்கினேன். கொஞ்சம் தள்ளித்தான் எனக்கு இடம் பார்க்க வேண்டும். ஊர் முன்னால் நாங்கள் சொன்னதைக் கேட்டு அம்மை இப்போது நல்ல கோபத்தில் இருப்பாள்.